ஆறு சைக்கிள்

என் கணவருக்கு வாடகை சைக்கிள் கடை. செங்கம் சாலையில் ஆசிரமங்கள் இருக்கிற பக்கம், ஒரு லாட்ஜை ஒட்டித் தகரக்கூரை போட்ட சின்ன இடம். கடைக்குள் ரிப்பேர், கடைக்கு வெளியே வரிசையாக வாடகை வண்டிகள். டிசம்பர் பிறந்துவிட்டால் வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். மலையைச் சுற்றவும், காய்கறி வாங்கவும், அறைக்கும் ஆசிரமத்துக்கும் அலையவும் அவர்களுக்கு சைக்கிள் வேண்டும். இவருக்குத் தெரிந்த மொத்த இங்கிலீஷும் ஒரே வரியில் அடங்கிவிடும். “பிரேக் குட், பெல் குட், யூ கோ.” அதை வைத்துக்கொண்டே பிழைப்பை ஓட்டிவிட்டார். நான் தனியார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கொஞ்சம் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், “அவனுக்குப் புரியுது, வண்டிய எடுத்துக்கினு போறான். உனக்கு இன்னா டீச்சர்?” என்பார். வீட்டிலும் என்னை அவர் கூப்பிடுவது டீச்சர் என்றுதான். பாதி மரியாதை, பாதி நக்கல்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக ஒரு காலத்தில் அழுதோம், பிறகு விட்டுவிட்டோம். எனக்கு வாய் ஜாஸ்தி, அவருக்குக் கம்மி. நான் கத்துவேன், அவர் கேட்டுக்கொள்வார், கேட்டுக்கொண்டபின் தனக்குத் தோன்றியதைச் செய்வார். இப்படியே எங்கள் குடும்பம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

முதல் தடவை இடது மார்பில் கட்டி வந்தது. இங்கே பார்த்துவிட்டு சென்னைக்குப் போகச் சொன்னார்கள். சென்னையில் ஆபரேஷன் ஆயிற்று. தையல் ஆறுவதற்குள் டாக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என்னைவிட வயதில் சின்னவர். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற பெண். அவரை எனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று. கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது என்றார். பிறகு, “இனிமே ஆறு சைக்கிள் குடுக்கணும்” என்றார்.

அதுவரை அந்த ஆஸ்பத்திரியில் பேசிய பேச்சு எதுவும் இவருக்குப் புரிந்ததில்லை. பயாப்ஸி என்றார்கள், மார்ஜின் என்றார்கள், ஸ்டேஜ் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் கேட்பார். முதல்முதலாகத் தனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்று வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“குடுத்துடலாம் டாக்டர். புதுசா, பழசா?”

டாக்டர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“லேடீஸ் வண்டியா, ஜென்ட்ஸ் வண்டியான்னு மட்டும் சொல்லிடுங்க. கடையிலயே இருக்குது. ஓவராயில் பண்ணி, புது டயர் போட்டு, லாரில ஏத்தி உட்டுடறேன்.”

பள்ளிக்கூடத்தில் சீட்டு வேண்டுமென்றால் ஃபேன் வாங்கித் தரச் சொல்கிறார்கள். கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்தால் உபயம் என்று நம் பேரை எழுதி மாட்டுகிறார்கள். அந்த வழக்கப்படி ஆஸ்பத்திரியில் சைக்கிள் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். பெண்டாட்டி உயிருக்கு ஆறு சைக்கிள்தானா என்கிற நிம்மதி வேறு அவர் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மட்கார்டில் உபயம் எழுத வேண்டுமா என்று கேட்டிருப்பார்.

நீர்ச்சுழற்சி, நைட்ரஜன் சுழற்சி என்று வருஷா வருஷம் போர்டில் அம்புக்குறி போட்டு நடத்துகிறவள் நான். எனக்கு விஷயம் பிடிபட்டு அவர் தொடையைக் கிள்ளுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் வலிக்கிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மருந்து ஏற்றுவோம், பிறகு சில வாரம் ஓய்வு, உடம்பு தேறியதும் மறுபடி மருந்து, அப்படி ஒரு சுற்று முடிந்தால் அது ஒரு சைக்கிள் என்று பொறுமையாக விளக்கினார். “அப்போ ரவுண்டுனு சொல்லிட்டுப் போலாமே டாக்டர்” என்று இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

வியாதி இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான். அதனாலோ என்னவோ, கீமோதெரபி என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் நுழையவே இல்லை. எங்களுக்கு அது சைக்கிள்தான். நாத்தனார் போன் பண்ணினாலும், “ரெண்டாவது சைக்கிள் எப்போ அண்ணி?” என்றுதான் கேட்பாள்.

செலவு என்று ஒன்று இருக்கிறதே. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் போட்டோ எடுத்து வாங்கிய காப்பீட்டு அட்டை எங்களிடம் இருந்தது. ஆபரேஷனையும் மருந்தில் பெரும்பகுதியையும் அந்த அட்டை பார்த்துக்கொண்டது. அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அட்டைக்குள் அடங்காதவை என்று ஒரு கூட்டமே இருந்தது. அடிக்கடி எடுக்கிற ஸ்கேன், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கினால் போடுகிற ஊசி, பஸ், ஆட்டோ, ஆஸ்பத்திரிக்கு எதிரே தங்குகிற அறை, குடிக்கிற தண்ணீர் வரைக்கும் காசு. என் சம்பளம் லீவு போட்டதில் பாதியாகிவிட்டது. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டால், “நடக்குது” என்பார்.

எப்படி நடந்தது என்பது மூன்றாவது சைக்கிள் முடித்துக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் கடை வழியாக வந்தோம். வெளியே நிற்கிற வரிசை குட்டையாக இருந்தது. வாடகைக்குப் போயிருக்கிறது என்று நினைக்க அது டிசம்பர் இல்லை, மே மாசம். அந்த வெயிலில் ஒரு வெளிநாட்டுக்காரனும் ஊரில் இல்லை.

“வண்டிங்க எங்க?”

“வித்துட்டேன்.”

“எத்தினி?”

“மூணு. சைக்கிளுக்கு ஒரு சைக்கிள்” என்றார்.

தமாஷுக்காக அதைச் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் சுலபமான கணக்கு. ஒவ்வொரு தடவையும் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வரிசையின் கடைசியில் நிற்கிற வண்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, யாருக்காவது கொடுத்துவிடுவார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்காமல் கொள்ளாமல் இப்படியா விற்பீர்கள் என்று ஆட்டோவிலேயே ஆரம்பித்தேன். பாதியில் வாந்தி வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் தயாராக வைத்திருந்த கவரைப் பிரித்து என் முகத்துக்குக் கீழே பிடித்தார். வாந்திக்குக் கவர் பிடிக்கிற ஆளிடம் எத்தனை நேரம்தான் சண்டை போடுவது?

நாத்தனாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இவருடைய ஒரே தங்கை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலேயே வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் மேஜை போட்டு மோரும் எலுமிச்சை ஜூஸும் விற்பாள். மற்ற நாளெல்லாம் அவளுக்கு வேண்டுதல்தான் வேலை. யாருக்கு என்ன வந்தாலும் ஏதாவது ஒரு சாமியிடம் போய்ப் பேசி முடித்துவிடுவாள். எனக்கு இந்த வியாதி என்றதும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் முடியை அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொண்டாள். குணமானதும் அண்ணி வந்து மொட்டை போட்டுக்கொள்வார் என்று பேச்சு. எனக்கு அப்போது இடுப்பைத் தொடுகிற முடி. அதன்மேல் அவளுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண் என்பது வேறு விஷயம்.

முதல் சைக்கிளுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. தலையணையில், சீப்பில், குளியலறைத் தண்ணீர் போகிற ஜாலியில், எங்கே பார்த்தாலும் முடி. கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பார்க்க வந்தவள் என்னைவிடப் பதறிப்போனாள்.

“ஐயய்யோ அண்ணி, அது சாமி முடி! இப்படி சாக்கடைல போவுதே!”

சமையலறைக்குப் போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தாள். தரையில் குந்தி, ஒவ்வொரு இழையாகப் பொறுக்கினாள். தலையணை உறையை உதறினாள். ஜாலியிலிருந்து எடுத்ததைக் குழாயில் அலசிக் காயவைத்தாள். எல்லாம் முடிந்ததும் என் எதிரே பையைப் பிடித்துக்கொண்டு, “தலையக் கொஞ்சம் ஆட்டுங்க அண்ணி” என்றாள். நான் அழுகையை மறந்து ஆட்டினேன். அதற்குப் பிறகு தினமும் பஸ் பிடித்து வந்தாள், தலையில் ஒரு இழையும் இல்லாமல் போகும் வரை. அந்தப் பையை அவளே கோயிலுக்குக் கொண்டுபோய், முடி இறக்குகிற இடத்தில் சேர்த்துவிட்டு வந்தாள்.

குணமாகிற முன்னால் கொட்டிய முடி கணக்கில் சேருமா என்று கேட்டேன். “சாமி உங்கள மாதிரி ரூல்ஸ் பேசாது டீச்சரம்மா” என்றாள். ஆனால் அவளுக்கே உள்ளுக்குள் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று தன் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போய் மொட்டை போட்டுவிட்டாள். கொஞ்ச காலத்துக்கு நாங்கள் இரண்டு மொட்டைத் தலைகளும் எதிரெதிரே உட்கார்ந்து தோசை தின்றோம். “என்னுதவிட உன் தலைதான் நல்லா உருண்டையா அழகா இருக்குது” என்றார் இவர். கல்யாணமான புதிதில்கூட இந்த மனிதர் என்னை அழகு என்று சொன்னதில்லை.

ஆறும் முடிந்தது. முடி மறுபடி முளைத்தது, இந்தத் தடவை சுருட்டையாக. மறுபடி பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகள் சுருட்டை டீச்சர் என்று பேர் வைத்தார்கள். கடையில் வரிசை மறுபடி நீண்டது. இரண்டு சீசன் நன்றாகப் போனதும் கியர் வைத்த வண்டிகளாக வாங்கிப் போட்டார். வாங்கிய அன்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, என்னை உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னார். நாற்பது தாண்டிய டீச்சர் செங்கம் சாலையில் கியர் சைக்கிளில் போனதை ஊரே பார்த்தது. அந்த வருஷங்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சென்னைக்குப் போய்க் காட்டிவிட்டு, ஒன்றும் இல்லை என்ற பதிலோடு திரும்பும்போது பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்குவேன்.

இரண்டாவது தடவை, கழுத்துக்குக் கீழே காறை எலும்புக்கு மேலே ஒரு நெறி கட்டியது. பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தற்செயலாக விரல் பட்டது. பட்டவுடனே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சமைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். டியூபில் பஞ்சர் எங்கே என்று தேடுகிற அதே விரல்கள். “சின்னதுதான்” என்றார்.

முதல் தடவை எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது தடவை அவமானம் போல ஒன்றும் கூடவே வந்தது. எல்லோரிடமும் சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தோம். இனிப்புக்கூடக் கொடுத்திருந்தோம். நாத்தனார் வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பைல போடாம நாலு முடி உட்டுப்போச்சு போலருக்குது அண்ணி. எம்மேலதான் தப்பு” என்று அழுதாள். “சாமிக்கு உக்காந்து முடி எண்றதுதான் வேலையா? எழுந்து மூஞ்சியக் கழுவு” என்று திட்டினேன். திட்டியதும் இரண்டு பேருக்குமே தெம்பு வந்தது.

இந்தத் தடவை கியர் வண்டிகள் போயின. நின்று பாடம் நடத்த முடியாமல் வேலையை விட்டேன். வீட்டிலேயே டியூஷன் எடுத்தேன். வாயெல்லாம் புண்ணாகிச் சாப்பிட முடியாத நாட்களில் இவர் சமையலில் இறங்கினார். அவர் வைத்த ரசத்தை ரசம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. கேழ்வரகுக் கூழ் மட்டும் நன்றாகக் கரைப்பார். மோர் விட்டு, உப்பைக் குறைத்து, முதலில் தன் வாயில் ஒரு மடக்கு ஊற்றிச் சூடு பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார். “எரியாது, குடி.” எரியும்தான். ஆனாலும் குடிப்பேன். இவ்வளவு நல்ல மனிதரிடம் இத்தனை வருஷம் கத்திக்கொண்டே இருந்தோமே என்று நினைப்பேன். தெம்பு வந்ததும் மறுபடி கத்துவேன்.

அதுவும் அடங்கிக் கொஞ்ச காலம் போனது. மூன்றாவது தடவை இடுப்பு எலும்புக்கு வந்தது. படி ஏறினால் வலி, உட்கார்ந்து எழுந்தால் வலி. வயசாகிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் படத்தை டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“இனிமே இத மொத்தமா எடுக்க முடியாதும்மா. ஆனா அடக்கி வைக்கலாம். சுகர், பிரஷர் மாதிரி கூடவே வெச்சுக்கிட்டு ஓட்டலாம். நல்லா ஓட்டறவங்க எவ்ளோ பேர் இருக்காங்க. மாத்திரை எழுதறேன்.”

“எத்தினி சைக்கிள் டாக்டர்?” என்று கேட்டார் இவர். இந்தத் தடவை தெரிந்துதான் கேட்டார்.

“இதுக்கு இத்தனைன்னு கணக்கு இல்லைங்க. வியாதி இந்த மாத்திரைக்குக் கேக்கற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும்.”

அந்த மாத்திரை எங்கள் அட்டையில் வரவில்லை. டாக்டரே இருக்கிறதில் விலை குறைந்த கம்பெனியின் மாத்திரையாகத் தேடி எழுதினார். அப்படியும் ஒரு மாச மாத்திரைக்குக் கடையின் ஒரு மாச வருமானம் போதாது. அறையை விட்டு வெளியே வந்ததும் இவர் மருந்துக் கடைப் பக்கம் திரும்பினார். ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

பஸ் செஞ்சியைத் தாண்டும்போது என் முடிவைச் சொன்னேன்.

“இந்த மாத்திரை எனக்கு வாணாம்.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறுனு சொன்னா ஆறு வண்டி விக்கலாம். கணக்கே இல்லைனு சொல்றாங்க. கடை முழுசையும் கரைச்சு என் வாய்ல போட்டு, அப்பாலே நானும் போயிட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க? செவுத்தப் பார்த்துக்கினு உக்காந்திருப்பீங்களா? இனிமே அந்தக் கடைல ஒரு பெல்லக்கூட நீங்க விக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

நான் வீராப்புக்காக அப்படிச் சொல்லவில்லை. இந்த மனிதரை எனக்குத் தெரியும். கையில் ஸ்பேனர் இல்லாமல் நாலு பேரிடம் பேசத் தெரியாதவர். என் மாமியார் இறந்தபோது காரியம் முடிந்த மறுநாளே கடைக்குப் போய்விட்டார். ஊர் தப்பாகப் பேசியது. போய்க் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகக் கழற்றி மாட்டி, அப்படித்தான் மீண்டு வந்தார். எனக்குப் பிறகும் அவரைத் தூக்கி நிறுத்த அந்தக் கடை ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்தேன். அவருக்கென்று நான் விட்டுவிட்டுப் போகக்கூடியது வேறு எதுவும் என்னிடம் இல்லை. சாவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. இவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

ஊர் வந்து சேர்ந்ததும் நேராகக் கடைக்குப் போனார். சக்கரம் நெளிந்து ஒரு பக்கமாக ஆடினால் அதன் கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவதற்குக் கோட்டம் எடுப்பது என்று பேர். கோபம் வந்தால் இவர் கோட்டமே இல்லாத சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருப்பார். கடைப்பக்கம் போய் வந்தவர்கள், அண்ணன் ரெண்டு மூணு நாளா ஒரே சக்கரத்த வெச்சுக்கினு இருக்காரே என்று என்னிடம் கேட்டார்கள். நான் மாத்திரைச் சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடமாடினேன்.

நாத்தனார் வந்தாள். இரண்டு பேருக்கும் காபி போட்டாள். என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட்டாள்.

“இந்த வாட்டி உங்களக் கேக்காம எதுவும் நேர்ந்துக்கல அண்ணி. நீங்களே சொல்லுங்க. இன்னான்னு வேண்டிக்கட்டும்?”

“உங்க அண்ணன் கடைய விக்காம இருக்கணும்னு வேண்டிக்கோ. அது போதும்” என்றேன்.

அவள் சரி என்று சொல்லவில்லை. என் பாதத்தையே பார்த்தபடி பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சுண்டல் வேகவைக்க வேண்டும், பௌர்ணமி வருகிறது என்று ஏதோ சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பிப் போனாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை, மறுநாள் காலையில் உறைத்தது. இவர் கடைக்குப் போன கொஞ்ச நேரத்தில் ஆட்டோ பிடித்து நானும் கிளம்பினேன்.

கடை காலியாக இருந்தது. வரிசை குட்டையாகியிருப்பது எனக்குப் பழக்கம். வரிசையே இல்லை. கூரைக்குக் கீழே தொங்குகிற பழைய டயர்கள்கூட இல்லை. லாட்ஜின் சுற்றுச்சுவர் முழுசாகத் தெரிந்தது. அந்தச் சுவருக்கு நீல வண்ணம் அடித்திருப்பதையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு புதுக் கடை உண்டு. ஸ்கூட்டரும் சைக்கிளும் வாடகைக்கு விடுகிற பெரிய கடை. எங்களுக்குப் போட்டிக் கடை என்று இரண்டு வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்த கடை. அதன் வாசலில் அவர்களுடைய வண்டிகளோடு சேர்ந்து எங்கள் வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அவற்றுக்கு நடுவே, நிழலில், சாக்கு விரித்துக் குந்தி உட்கார்ந்து இவர் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சக்கரம் உண்மையிலேயே நெளிந்திருந்தது. கடையையும் வண்டிகளையும் மொத்தமாக அவர்களிடமே கொடுத்துவிட்டு, அங்கேயே சம்பளத்துக்கு உட்கார்ந்துவிட்டார் மனிதர். பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலின்மேல் மருந்துக் கடைக் கவர், அதில் செருகியபடி நான் பீரோவில் மடித்து வைத்த சீட்டு.

இடுப்பு வலியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, சாலையைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றேன். லாட்ஜிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

“உங்களுக்குனு இருந்தது அது ஒண்ணுதானே! அதையும் வித்துட்டீங்களே!”

அவர் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கம்பியைக் கொஞ்சம் முறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

“எனக்குனு இருக்கறது அதுதான்னு உனக்கு யாரு சொன்னது?”

இத்தனை நாளும் எனக்குப் பிறகு அவருக்கு என்ன மிஞ்சும் என்றே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவருக்கு மிஞ்ச வேண்டியது நான்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் எழுந்து ஸ்டூலில் இருந்த கவரை எடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “வெயில்ல நிக்காத, உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். கவரைப் பிரித்து மாத்திரை அட்டையை வெளியே எடுத்தார்.

“சாப்ட்டுட்டுதான் போடணும்” என்றேன். அழுகையில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“தெரியும். நீ வருவேனு இட்லி வாங்கியாந்து வெச்சிருக்கேன்” என்றார்.

வாழை இலைப் பொட்டலத்தை அவரே பிரித்து என் மடியில் வைத்தார். இட்லி இன்னும் சூடாக இருந்தது. சாப்பிட்டு முடித்தேன். அவர் கையில் கிரீஸ் இருந்ததால் மாத்திரையை நானே அட்டையிலிருந்து பிய்த்தெடுத்துப் போட்டுக்கொண்டேன்.